சார மேஸ்திரியின் ரத்தம்

"உங்க உடம்புல சாரம் சரியில்லைங்க," என்றார் டாக்டர் தேவிகா.

ஜெகபர் சாதிக்குக்குச் சிரிப்பு வந்தது. காரைக்காலில் எழும்பிய பாதி மாடிகளுக்குச் சாரம் கட்டிய மேஸ்திரி அவர். துபாயில் அதே வேலைக்கு விசா தயார். இந்த ரத்தப் பரிசோதனைதான் பாக்கி.

"சுகர் எப்படிங்க?"

"அது அருமையா இருக்கு. தசைதான் பிரச்சினை. தசை நாருக்குள்ள டைட்டின், டெஸ்மின்னு சில புரதங்கள், நீங்க கட்டுற சாரம் மாதிரியே நாரைக் குலையாம பிடிச்சிருக்கும். அது தளர்ந்தா தசை சிதைஞ்சு ரத்தத்துல கசியும். உங்களுக்கு ஏகத்துக்குக் கசிஞ்சிருக்கு. போகப்போக நடையே நின்னுடலாம்."

சிரிப்பு அடங்கியது. ஏனென்றால் அது அவர் ரத்தமே இல்லை. தன் சர்க்கரை தெரிந்தால் விசா கைவிட்டுப் போகும் என்று, மச்சினன் தமீம் அன்சாரியைத் தன் பெயரில் ரத்தம் கொடுக்க அனுப்பியிருந்தார். மீன் ஏலத்தில் ஐஸ் பெட்டி தூக்குகிறவன். எருமை மாதிரி இருப்பான்.

"நான் நல்லாத்தாங்க இருக்கேன்," என்று எழுந்து, டாக்டரின் இரும்பு பீரோவை ஒரு முழம் நகர்த்திக் காட்டினார்.

"வலியை இப்படி அடக்கக் கூடாதுங்க," என்று டாக்டர் கண்கலங்கினார். "தொடையில துளி சதை எடுத்துப் பார்த்துடுவோம்."

என் சதை சுத்தமாகத்தானே இருக்கும், விசா தப்பிக்கும் என்று தொடையைக் காட்டினார். அறுப்பதற்குமுன் சர்க்கரை பார்த்தார்கள். முந்நூறைத் தாண்டி நின்றது.

"ஐயோ, இப்ப சுகருமா?" என்றார் டாக்டர்.

சதையில் கோளாறு எதுவும் தெரியவில்லை. "தப்பான இடத்துல எடுத்துட்டோம் போல. அடுத்த தொடையையும் பார்த்துடலாம்."

வீட்டில் மூச்சு விடவில்லை. தொடையில் கட்டி என்று சொல்லிவைத்தார். ஸ்கூட்டரில் அழைத்துப்போக வந்த மகன் சஃபியுல்லா, பெஞ்சிலிருந்து முழங்காலில் கையூன்றி மெல்ல எழுந்தான்.

"தையல் எனக்குடா. நீ ஏன் கெழவன் மாதிரி எந்திரிக்கிறே?"

"அலுப்பு அத்தா."

"தின்னுட்டுப் படுத்தே கெடந்தா அலுக்காம என்ன செய்யும்?"

அன்று ராத்திரி மனசுக்குள் கணக்குப் போட்டார். விசா ஒரு பக்கம். மனைவி அஜீசுன்னிசாவின் ஒரே தம்பி ஒரு பக்கம். அவன் நடை நின்றால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

மறுநாள் ஐஸ் பெட்டியோடு நின்றவனைக் கையைப் பிடித்து டாக்டர் முன்னால் நிறுத்தினார்.

"மன்னிச்சுக்கங்க. அது இவன் ரத்தம். விசா போனாப் போகட்டும், இவனைக் காப்பாத்துங்க."

டாக்டர் தமீமைக் குந்தி எழச் சொன்னார். பந்து மாதிரி எழுந்தான். மறுபடி, மறுபடி. டாக்டர் குழம்பிப்போய் ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

தமீம் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஊசியைப் பார்த்தாலே எனக்கு மயக்கம் வந்துடும் மச்சான். அன்னைக்கு வாசல்ல ஸ்கூட்டரோட நின்ன சஃபியுல்லாவைத்தான் உள்ளே அனுப்பினேன்."