சீரியல் போர்ட் கேட்ட பாவத்துக்கு

சுரபாயா,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள கொழுந்தன் யோயோக்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அண்ணனும் இறைவன் கருணையால் நலம். அங்கே மாலாங்கில் நீயும் உன் மனைவி நனிக்கும் நலமாக இருக்க வேண்டும் என்று தொழுகைக்குப் பின் தவறாமல் கேட்டுக்கொள்கிறேன். உன் பெயர் வரும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கிவிடுகிறது, இறைவன் மன்னிப்பானாக. இதைப் போனிலேயே அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் நீ ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

என் எம்ப்ராய்டரி கடை கம்ப்யூட்டர் புகைவிட்டு நின்றபோது, "மதர்போர்டு போச்சு அண்ணி, லீவுலதான் இருக்கேன், நானே வந்து மாத்தித் தர்றேன்" என்று ஓடி வந்தவன் நீ. நன்றி. அந்தக் கம்ப்யூட்டருக்கு உலகத்தில் ஒரே வேலைதான், பெயரை எழுதித் தையல் மிஷினுக்கு அனுப்புவது. மிஷின் பழசு, ஒன்பது முள் வைத்த சீரியல் போர்ட் வழியாகச் சொன்னால்தான் சொல் கேட்கும். அதனால், "தம்பி, சீரியல் போர்ட் இருக்கான்னு பாத்து வாங்குப்பா" என்றேன். நீ என்ன சொன்னாய்? "சீரியல் பாக்கணும்னா வீட்டுல டிவி இருக்கே அண்ணி!" உன் அண்ணன் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சிரித்த கையோடு இருவரும் மோட்டார் சைக்கிளில் ஏறிக் கம்ப்யூட்டர் சந்தைக்குப் போய்விட்டீர்கள். கடை என்னுடையது, மிஷின் என்னுடையது, பெயர்ப் பலகையில் இருப்பதும் ரெத்னோ என்கிற என் பெயர்தான். ஆனால் என்ன போர்டு வேண்டும் என்ற கேள்வி மட்டும் என் புருஷனுக்குப் போனது. "கேம் ஆடுவீங்களாண்ணா? வீடியோ எடிட்டிங்? இப்ப வேணாம்னாலும் எதிர்காலத்த யோசிக்கணும்ல?" என்று நீ கேட்டாயாம். இவரும் எதிர்காலத்தை யோசித்தாராம். தொலைக்காட்சி ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டத் தெரியாதவர், வீடியோ எடிட்டிங் செய்வதாகத் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார்!

வந்து சேர்ந்தது ஒரு போர்டு. போர்டா அது? திருவிழாக் கடை. ஓரமெல்லாம் பச்சை, ஊதா விளக்கு. பழைய பெட்டிக்குள் நுழையாத அகலம். அதனால் அதை மேசைமேல் திறந்தபடியே கிடத்தினாய், சூடாக இருக்கிறதென்று பக்கத்து வீட்டுப் பூனை வந்து அதன் ஓரத்தில் படுத்தது. திரையில் படம் வரவில்லை. "இந்த பிராசசருக்குத் தனியா கிராஃபிக்ஸ் கார்டு போடணும் அண்ணி" என்றாய். பழையதில் படம் தானாகத்தானே வந்தது என்றேன், "அது அந்தக் காலம்" என்றாய். மறுபடி சந்தை, மறுபடி பெட்டி. தாய்ப்பலகை என்று பேர்தான், வருகிற போகிற எல்லாப் பிள்ளைக்கும் அவள் மடியில் இடம் உண்டு, நான் கேட்ட அந்த ஒன்பது முள்காரனுக்கு மட்டும் இல்லை. என் பழைய சாஃப்ட்வேரும் அதில் ஏறமாட்டேன் என்றது. நீ எதையோ இறக்கி, எதையோ ஏமாற்றி, இடையில் ஒரு கன்வர்ட்டர் ஒயரைச் செருகி, "முடிஞ்சுது அண்ணி, இப்ப ராக்கெட்டே விடலாம்" என்று சொல்லிவிட்டு, நான் வைத்த ராவோன் கறிக்குழம்பை இரண்டு தட்டுச் சாப்பிட்டு, ஊர் போய்ச் சேர்ந்தாய்.

ராக்கெட் விட்டேன். மெக்காவுக்கு உம்ரா போகும் முர்தினியம்மா குழுவின் முக்காடுகள் என்னிடம் வந்திருந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் பெயர் தைக்க வேண்டும். முதல் முக்காட்டில் முர்தினி என்று அடித்துப் பொத்தானை அழுத்தினேன். மிஷின் இரண்டு எழுத்தை அழகாகத் தைத்தது, மூன்றாவதில் பேய் பிடித்து ஒரே இடத்தில் குத்து குத்தென்று குத்தித் துணியைக் கிழித்தது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதைத் தைக்கும்போது முர்தினியம்மாவே வந்து நின்றார். எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரெத்னோ, அங்க கூட்டத்துல எங்க கிழவிங்க தொலைஞ்சா, பின்னாடி பேரப் பாத்துத்தானே யாராவது கூப்பிடுவாங்க?"

"ஆமாம்மா."

"இது பேரில்லை, நண்டும்மா. நண்டைப் பாத்து என்னன்னு கூப்பிடுவாங்க?"

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அமைதியாக மடித்து எடுத்துக்கொண்டு எதிர்த் தெருக் கடைக்குப் போய்விட்டார். மூன்று முக்காட்டுக்கும் புதுத் துணி நான்தான் வாங்கிக் கொடுத்தேன். போனில் உன்னைக் கூப்பிடப் போனேன். உன் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் ரெத்னோ, தம்பி மனசு கஷ்டப்படும்." அப்போ எம் மனசு? அது என்ன, கன்வர்ட்டர் போட்டு ஓட்டுற சாமானா?

மறுநாள் மிஷின் ஒயரைக் கைப்பையில் சுருட்டிக்கொண்டு நானே சந்தைக்குப் போனேன். கடை கடையாக ஒயர் முனையைக் காட்டி, "இதுக்கு வாய் இருக்கிற போர்டு இருக்கா?" என்று கேட்டேன். கீழ்மாடியில் எல்லாரும் உன்னைப் போலவே சிரித்தார்கள். ஒருவன், "இதைத் தேடி இப்ப யாரும்மா வர்றா?" என்றான். "நான் வர்றேன்" என்றேன். மேல்மாடியில், பழைய சாமான் கூடையில், காய் நறுக்கும் பலகைகூட அதைவிடப் பெரிசு என்னும்படி ஒரு குட்டி போர்டு கிடந்தது. விளக்கு கிடையாது, வேறு பகட்டும் கிடையாது. ஒயரை வைத்தேன், பொருந்தியது. கடைப் பையனே வந்து பழைய பெட்டிக்குள் மாட்டித் தந்தான். படமும் தானாக வந்தது, பழைய சாஃப்ட்வேரும் முணுமுணுக்காமல் ஏறியது. இப்போது மிஷின் சொன்னதைத் தைக்கிறது. தைக்கத்தான் துணி இல்லை. முர்தினியம்மா குழு நேற்று விமானம் ஏறிவிட்டது, எதிர்த் தெருக்காரன் தைத்த பெயர்களோடு.

ஆகவே, தம்பி, இனி என் கடைக்குள் நீ காலெடுத்து வைக்க வேண்டாம். பெருநாளன்று வந்தால் வழக்கம்போல் மன்னிப்புக் கேள், வழக்கம்போல் நானும் மன்னித்தேன் என்று சொல்வேன், சாப்பிட்டுவிட்டு வாசலோடு போ. நனிக்குக்கு என் அன்பு. இறைவன் உனக்கு நீண்ட ஆயுளையும், பிறர் சொல்வதைக் கேட்கும் காதையும் தரட்டும்.

வஸ்ஸலாம்.
உன் அண்ணி,
ரெத்னோ

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது நனிக் போன் செய்தாள். உன் கம்பெனி உன்னை வேலையிலிருந்து நிறுத்தி இரண்டு மாதமாகிறதாம். தினமும் காலையில் சீருடையை மாட்டிக்கொண்டு கிளம்பி, சாயங்காலம் வரை காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தாயாம். நேற்றுத்தான் அவளுக்குத் தெரிந்ததாம். எங்களிடம் லீவு என்றாயே தம்பி. கேட்டதிலிருந்து உன் அண்ணன் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கடிதத்தைக் கிழித்துவிடலாமா என்று யோசித்தேன், கை வரவில்லை, ஒரு வரியும் பொய்யில்லை. படித்து முடித்துவிட்டு, நனிக்கையும் கூட்டிக்கொண்டு வா. நூல் வெட்டவும், துணி மடிக்கவும், எதிர்த் தெருக்காரனிடம் போன ஆர்டர்களைப் பேசித் திருப்பவும் எனக்கு ஆள் வேண்டும், பேச்சில்தான் உன்னை மிஞ்ச ஆளில்லையே. வரும்போது அந்தச் சீருடையை மட்டும் போட்டுக்கொண்டு வராதே.