காப்புக் கட்டின வீட்டுல டேக் ஆஃப்

மூணு பாஷை தெரிஞ்ச புருஷனை எந்தப் பெண்டாட்டியும் ஜெயிக்க முடியாதுன்னு நான் ரொம்ப நாள் நம்பிக்கிட்டிருந்தேன். எங்களுக்கு வீட்டுல கன்னடம், வாசலைத் தாண்டினா தமிழ். ரெண்டுலேயும் என் வீட்டுக்காரி சௌந்தரம் என்னைவிடக் கெட்டிக்காரி. ரகசியம் பேச மிச்சமிருந்தது, எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் நான் படிச்ச இங்கிலீசு ஒண்ணுதான்.

ரகசியம் பெருசா ஒண்ணுமில்லை. சௌடம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாச்சு. எங்க நெசவாளர் தெரு முழுக்கக் கறி கிடையாது. எனக்கோ பாளையம்பட்டி உக்கிரபாண்டி கடைச் சுக்கா இல்லாட்டி தறியில கை ஓடாது. பக்கத்து வீட்டு லிங்கமும் என் கட்சி. சாயங்காலம் அவன் சன்னல் பக்கம் வந்து "டேக் ஆஃப்"னு சொன்னா, சுக்காவுக்குப் பஸ் ஏறணும்னு அர்த்தம்.

மொதத் தடவை சௌந்தரம் கேட்டா, அது என்னங்கன்னு. சட்டையைக் கழட்டுறதுக்கு டேக் ஆஃப்னு பேரு, புழுக்கமா இருக்குங்கிறான்னேன். அப்புறம் ஒரு நாள், மதுரையில ஏரோப்ளேன் மேல ஏறுறதும் டேக் ஆஃப்தான்னேன். இன்னொரு நாள், தறிக்கு லீவு விடுறதையும் அப்படிச் சொல்லலாம்னேன். ஒண்ணுகூடப் பொய்யில்லை. எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு, என் சட்டையைத் துவைக்க எடுத்துக்கிட்டுப் போனா. பாவம், வெள்ளந்தி மனுஷின்னு எனக்கு மனசு இளகிப்போச்சு.

நேத்து லிங்கம் குரல் கொடுக்கவும் அவளே சலவைச் சட்டையை எடுத்து நீட்டினா. "போயிட்டு வாங்க. ஏரோப்ளேன் காத்துக்கிட்டு நிக்குது பாருங்க."

கடையில எலையைப் போட்டு நாக்கைத் தீட்டிக்கிட்டு உக்காந்தோம். உக்கிரபாண்டி கொண்டாந்து வச்சது இட்லி.

"சுக்கா எங்கப்பா?"

"காப்புக் கட்டின வீடு, கறி கிறி போட்டுறாதீகன்னு உங்க வீட்டுல காலையிலேயே வந்து சொல்லிட்டாக அண்ணாச்சி."

"அவளுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"சட்டையில மசாலா வாடையாம். அதுக்கு முந்தியே சந்தேகமாம். வீட்டுல கன்னடம் பேசுவாக, வெளிய தமிழ் பேசுவாக, பொய் சொல்லணும்னாத்தான் இங்கிலீசுன்னாக."

லிங்கம் எலையைப் பார்த்துக்கிட்டே சிரிச்சான். உக்கிரபாண்டி ஒரு தூக்குச்சட்டியைக் கொண்டாந்து என் முன்னால வச்சான். கடைச் சட்னி எனக்கு ஒத்துக்காதுன்னு, எள்ளுப்பொடியில நல்லெண்ணெய் குழைச்சுக் காலையிலேயே குடுத்துட்டுப் போயிருக்கா மகராசி.

சுக்கா தின்னப் போனவன், அந்தப் பொடியில லிங்கத்துக்கு ஒரு துளிகூடக் குடுக்காம வழிச்சுத் தின்னுட்டு வந்தேன்.