பன்றி மூக்கு விவகாரம்

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு, உன் தம்பி வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம் என்று எழுதினால் நீ நம்பப் போவதில்லை; நலமில்லை என்று எழுதினால் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவாய். ஆகவே அந்த வரியை எழுதாமல் விட்டிருக்கிறேன். அங்கே நீயும் அத்தானும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தானின் ரத்தக் கொதிப்பை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது இந்த வாரம் யாரால் ஏறியது என்று எனக்குத் தெரியும்.

முந்தாநாள் போனில் நீ கேட்டது ஒரே கேள்வி. "ஒரு பன்றி மூக்குக்காகவாடா என் கொழுந்தனைக் காட்டிக் கொடுத்தே?" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டாய். உன் ஓர்ப்படி உன்னிடம் என்னவெல்லாம் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. புருஷன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போது ஒரு பெண் அழுதுகொண்டே சொல்வதை மறுத்துப் பேசுவது அழகல்ல, நான் மறுக்கவும் இல்லை. ஆனால் அவள் அன்றைக்கு அந்த அறையில் இல்லை, நான் இருந்தேன். அந்த மூக்கு என் முகத்திலும் சிறிது நேரம் இருந்தது. எனவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீ படித்துவிட்டு அத்தானிடம் கொடு, அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படிக்கட்டும்.

எங்கள் சலவைக்கூடம் ஆஸ்பத்திரிக்குக் கீழே தரைக்கடியில் இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். மேலே ஆறு மாடியில் யார் படுத்தாலும் எழுந்தாலும் எழாமலே போனாலும் அந்த விரிப்பு கடைசியில் எங்களிடம்தான் வரும். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் "அவன் உன் கண் முன்னாடியே இருக்கட்டும்டா" என்று சொல்லி உன் கொழுந்தனை நீதான் என்னிடம் அனுப்பினாய். நானும் கேட்டுக் கெஞ்சிச் சேர்த்துவிட்டேன். அன்றிலிருந்து அவன் நீராவி இஸ்திரி மெஷினில் நிற்கிறான். ஒரு பக்கம் ஈர விரிப்பை விட்டால் மறுபக்கம் அட்டை மாதிரி விறைப்பாக வரும், நடுவில் கிளம்புகிற ஆவி முழுக்க அவன் முகத்தில் அடிக்கும். அதனால் எல்லோரும் அவனை ஆவி என்றே கூப்பிடுகிறோம். "சாகறதுக்கு முன்னாடியே ஆவியானவன் இந்த ஊர்லயே நான் ஒருத்தன்தான்" என்று அவனே சொல்லிச் சிரிப்பான். அவனுக்கு எதிரே மடிப்பு மேஜையில் நான். கிழிசலும் அறுந்த பொத்தானும் தைப்பவர் பொத்தான் அக்கா. வயது ஐம்பத்தெட்டு, பெரிய டாக்டரையே "கோட்டு கழட்டத் தெரியாதா உங்களுக்கு?" என்று அதட்டுகிறவர். வார்டு வார்டாகப் போய் அழுக்குத் துணி கட்டிக்கொண்டு வருகிறவன் மூட்டை. தூரத்திலிருந்து பார்த்தால் எது அவன், எது துணி என்று சொல்ல முடியாது. நாலு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் டப்பாவிலிருந்து ஒருவர் எடுத்துத் தின்று வருஷம் பதினைந்து ஆகிவிட்டது.

போன மாதம் மெஷின் ரிப்பேர் பார்க்க வந்த மெக்கானிக், தலையைக் குழாய்க்குள் விட்டபடியே, "உங்க நாலு பேர்ல ஒருத்தரைக் குறைக்கப் போறாங்களாம், மேல பேசிக்கிறாங்க" என்று சொன்னார். குழாயைச் சரி பண்ணினார், போய்விட்டார். நாங்கள்தான் சரியில்லாமல் போனோம். பொத்தான் அக்கா அறுந்து போகாத பொத்தானையெல்லாம் அறுத்து மறுபடி தைக்க ஆரம்பித்தார். மூட்டை தினமும் அரை மணி நேரம் முன்னாலேயே வந்து, நோயாளி படுத்திருக்கும்போதே விரிப்பை உருவிக்கொண்டு வந்து நர்ஸிடம் திட்டு வாங்கினான். நான் தலையணை உறையை மடித்த மடிப்பில் விரல் வெட்டிக்கொண்டது. ஆவி இருமலை அடக்கினான். அடக்கி அடக்கி அவன் கண் பிதுங்கி நிற்பதைப் பார்த்தால் எனக்கு மூச்சு முட்டும். ரெண்டு வருஷமா அவனுக்கு அப்படித்தான் அக்கா. பத்து நிமிஷம் நின்னா அஞ்சு நிமிஷம் வெளிப்படியில போய் உக்காரணும். அந்த அஞ்சு நிமிஷமும் என் மேஜைய விட்டுட்டு அவன் மெஷினை நான்தான் ஓட்டுவேன். யாருக்கும் தெரியாது. "வீட்ல சொல்லிடாத மச்சான், அண்ணிக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்"னு என் கையைப் பிடிச்சுக்கிட்டான். நானும் சொல்லல. அதுக்காக நீ என்னைத் தனியா ஒரு நாள் திட்டிக்கோ.

வியாழக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்குப் புது மேனேஜர் கீழே இறங்கி வந்தார். முப்பது வயசு இருக்கும். எல்லாரையும் உரிமையோட பேர் சொல்லிக் கூப்பிடுவார், ஆனா ஒருத்தர் பேரை இன்னொருத்தருக்கு வைப்பார். கையில ஒரு கலர் அட்டைப்பெட்டி, இடுப்புல ஒரு தோல் பை. "எல்லா மெஷினையும் நிறுத்துங்க"ன்னார். எங்க கூடத்துல மெஷின் நின்னா அந்த அமைதியே காதுல அறையும். என் மடிப்பு மேஜை மேல ஒரு பலகையை விரிச்சார். வட்டம் வட்டமாப் பாதை, நடுவுல அமுக்கினா கத்தற ரப்பர் தவளை, சீட்டுக்கட்டு, மணல் கடிகாரம், ரப்பர் நாடா வச்ச ஒரு பிளாஸ்டிக் பன்றி மூக்கு. யார் கடைசியா இருக்காங்களோ அவங்க அந்த மூக்கை மாட்டிக்கணுமாம். "ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சேர்ந்து ஜாலியா விளையாடற ஆட்டம். நான் இங்க இல்லேன்னு நெனச்சுக்குங்க"ன்னு சொல்லி, மூலையில ஸ்டூலைப் போட்டு உக்காந்து, ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்தார்.

மூட்டை என் காதுல வந்து, "நோட்டு எடுத்துட்டான்டா. இதுதான் பரீட்சை. யார் கடைசியோ அவன்தான் வீட்டுக்கு"ன்னான்.

அக்கா, நீ இதைப் படிக்கும்போது சிரிப்பாய். நாங்கள் சிரிக்கவில்லை. அந்த ஆட்டத்தை எங்களை மாதிரி பயபக்தியோட உலகத்துல எவனும் ஆடியிருக்க மாட்டான். மூட்டைக்கு முதல் சீட்டு: முயல் மாதிரி மேஜையை ரெண்டு சுத்து குதிச்சு வரணும். அவன் முழங்கால் போனது உனக்கே தெரியும். பல்லைக் கடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர, ரெண்டு போதாதுன்னு மூணாவது சுத்தும் குதிச்சான். பொத்தான் அக்காவுக்கு, பூனை பாஷையில பக்கத்துல இருக்கறவங்ககிட்ட ஊசி நூல் கேக்கணும்னு வந்தது. டாக்டரையே அதட்டற அந்தம்மா, கண்ணாடியைக் கழட்டி மடியில வச்சுட்டு, என்னைப் பாத்து "மியாவ்"னாங்க. ஒரு கையெழுத்துப் போடற மாதிரி அவ்வளவு கவனமா. எனக்கு அது ஊசின்னு புரியவே இல்ல, கத்திரிக்கோலைக் கொடுத்தேன். மூணு கட்டம் பின்னால போனாங்க. "வேணும்னே பண்ணினே"ன்னாங்க. பதினஞ்சு வருஷத்துல அவங்க என்கிட்ட அப்படிப் பேசினதில்ல. தவளையை முதல்ல யார் அமுக்கறதுன்னு ஒரு சுத்து வந்தது. அதுல மூட்டை கையை நான் அடிச்சேன், அவன் என் கையை அடிச்சான், தவளை கத்திக்கிட்டே கிடந்தது. மேனேஜர் மூலையிலிருந்து, "சிரிங்க சார், சிரிங்க!"ன்னார். நாலு பேரும் அவர் பக்கம் திரும்பி "ஹா ஹா ஹா"ன்னோம், டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னா திறக்கிற மாதிரி. அவர் ஏதோ எழுதிக்கிட்டார்.

ஆவிக்கு வந்த சீட்டு, மணல் இறங்கி முடியற வரைக்கும் விடாம சேவல் மாதிரிக் கூவணும். பாதி மணல் இறங்கறதுக்குள்ள கூவல் இருமலாச்சு. அவன் அதையும் கூவல்தான்னு காட்டறதுக்குக் கையை ரெக்கை மாதிரி அடிச்சுக்கிட்டே இருமினான். மேனேஜர் கை தட்டினார், நல்லா நடிக்கிறான்னு நெனச்சுட்டார் போல. மணல் தீர்ந்தது, அவன் கூவல் தீர்ந்து ரொம்ப நேரம் ஆச்சு. அவன் கடைசிக்கு வந்தான். அதுவரைக்கும் என் முகத்துல இருந்த மூக்கைக் கழட்டி நான்தான் அவனுக்கு மாட்டிவிட்டேன். நாடாவைக் காதுக்குப் பின்னால சரி பண்ணியும் விட்டேன். இதையும் உன் ஓர்ப்படி சொல்லியிருப்பாள். உண்மைதான்.

அப்புறம் என் முறை. சீட்டை எடுத்து சத்தமா படிச்சேன். "கப்பல் மூழ்குகிறது. படகில் ஒருவருக்கு இடமில்லை. யாரை விட்டுவிட்டுப் போவீர்கள்? மூன்று எண்ணியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் விரல் நீட்டவும்." மேனேஜர் உற்சாகமா எழுந்து நின்னு தானே ஒண்ணு, ரெண்டு, மூணு சொன்னார்.

பொத்தான் அக்கா மேனேஜரை நோக்கி விரலை நீட்டினாங்க. "இவர் வந்தா நாங்க கரை சேர மாட்டோம்"னாங்க. மூட்டை தன் நெஞ்சையே காட்டி, "நான் ஏறினா படகே முழுகிடும்"னான். ஆவி விரலையே நீட்டல. மூக்கு வழியா ஒரு மாதிரி அடைச்ச குரல்ல, "நெருக்கி உக்காந்தா நாலு பேரும் போயிடலாமே"ன்னான். நான் அவனைக் காட்டியிருந்தேன்.

"சூப்பர்! இவர்தான் சரியா ஆடறார். காரணமும் சொல்லணும், அதான் ரூல்"னார் மேனேஜர்.

நான் சொன்னேன். "இவனுக்கு மூச்சு வாங்கும். ரெண்டு வருஷமா பாதி நாள் இவன் மெஷினை நான்தான் ஓட்டறேன்"னேன். ஒரு வார்த்தைல முடிச்சிருக்கலாம். ஆனா வெளிப்படியில உக்காரறது, இருமலை அடக்கறது, மாத்திரையைச் சட்டைப் பையில மறைச்சு வச்சிருக்கறது வரைக்கும் சொன்னேன். பேனா ஓடற சத்தம் கேட்டது. ஆவி என்னையே பார்த்துக்கிட்டிருந்தான். "மச்சான், நீ ஆட்டத்துக்குத்தானே சொன்னே?"ன்னான். அந்த மூக்கோடதான் கேட்டான். நான் மணல் கடிகாரத்தைத் திருப்பி வச்சு, மணல் இறங்கறதைப் பாத்துக்கிட்டிருந்தேன்.

இனி நடந்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன், கை வலிக்கிறது. மேனேஜர் ஆட்டம் முடிந்தது என்று தவளையைப் பெட்டிக்குள் வைத்தார். பிறகு தோல் பையிலிருந்து நாலு உறைகளை எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார். மாதக் கடைசியோடு சலவைக்கூடத்தையே மூடுகிறார்களாம், துணியெல்லாம் இனி வெளியே போகுமாம், ஒருத்தர் இல்லை, நாலு பேரும் வேண்டாமாம். கடிதத்தில் பத்து நாள் முந்தைய தேதி. கெட்ட சேதி சொல்வதற்கு முன் ஆட்களைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று அவருக்கு ஏதோ பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்களாம், அதற்குத்தான் இந்த ஆட்டம். நோட்டை மூட்டை எட்டிப் பார்த்தான். "சிரித்தது: மூன்று முறை" என்று எழுதியிருந்ததாம். அதற்குக் கீழே, இரட்டைக் கோடு போட்டு, "இஸ்திரி ஆளுக்கு மூச்சு, மேலே காட்ட வேண்டும்."

ஆவி மூக்கைக் கழட்ட மறந்து அப்படியே கடிதத்தைப் படித்தான். படித்து முடிக்கும்போது இருமல் வந்தது. அடக்க இனி காரணம் இல்லை என்பதாலோ என்னவோ, விட்டுவிட்டான். விரிப்புக் குவியல் மேல் சாய்ந்தவன் எழவில்லை. மூட்டையும் மேனேஜரும் துணித் தள்ளுவண்டியிலேயே போட்டு மேலே கொண்டு போனார்கள். நெஞ்சு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருக்கணும், இவ்வளவு நாள் யார் மறைச்சது?" என்று கேட்டார். நான் சுவரில் இருந்த அட்டவணையைப் படித்தேன். ஒரு பக்க நுரையீரல் அநேகமாக இல்லையாம்.

இப்போது நீயே சொல் அக்கா. அன்றைக்கு நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவன் இன்னும் படியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருப்பான், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எத்தனையோ நாளாக மனதில் உறுத்திக்கொண்டிருந்ததை, மேலதிகாரி காதில் விழட்டும், அவனுக்கு ஒரு வைத்தியம் கிடைக்கட்டும் என்றுதான் அந்தச் சந்தர்ப்பத்தில் சொன்னேன். அவன் நல்லதுக்குத்தான் சொன்னேன். இதை அத்தானுக்கு எடுத்துச் சொல். நீங்கள் யாரும் இப்போது கிளம்பி வர வேண்டாம், வந்தால் வார்டில் சத்தம் போடுவீர்கள், அவனுக்கு ஓய்வு வேண்டும்.

அத்தானுக்கு என் பணிவான வணக்கம், அவர் கோபம் இறங்கிய பிறகு சொல்லவும். பிள்ளைகள் நன்றாகப் படித்து, தரைக்கு மேலே ஜன்னல் உள்ள இடத்தில் உத்தியோகம் பார்க்கட்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் உடன்பிறந்த தம்பி.

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் வார்டுக்குப் போய்விட்டு வந்தேன். விழித்திருந்தான். அண்ணிக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன் என்றேன். "என்ன எழுதினே?" என்றான். "உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்னு எழுதியிருக்கேன்." அவன் நாலைந்து தடவை மூச்சை இழுத்துவிட்டு, "சரி மச்சான். அப்படியே இருக்கட்டும்" என்றான். அக்கா, அந்தக் காரணத்தை நான் வெள்ளிக்கிழமை காலையில்தான் யோசித்துக் கண்டுபிடித்தேன். மேனேஜர் "ரெண்டு" சொல்லும்போதே என் விரல் நீண்டுவிட்டது. மற்றவர்கள் அப்போது சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதை அவன் தன் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. வர வேண்டாம் என்று மேலே எழுதியிருப்பதை அடித்துவிடு. எந்த பஸ் கிடைத்தாலும் ஏறி வா.