ஒரு கை தூரத்து வெளிச்சம்

விளக்கின் முன் உட்கார ஆரம்பித்த சில நாட்களிலேயே மேலாளருக்கு மண்டையைப் பிளக்கும் தலைவலி வந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றாரே தவிர, மேலாண்மையிலிருந்து ஓய்வு பெறாதவர் அவர்.

"நூறு பேரை மேய்ச்சவன், ஒரு விளக்கை மேய்க்க மாட்டேனா?"

வெயில் எட்டிப் பார்க்காத மாதங்கள். சாப்பாட்டில் உப்பு தெரியவில்லை. நாக்கு செத்துவிட்டது என்றார். அவர் அடிக்கும் ஜோக்குக்கு மனைவி சிரிப்பது கேட்கவில்லை. காதும் போச்சு என்றார். மனச்சோர்வேதான் என்று முடிவும் கட்டினார். மனைவியோடு டாக்டரிடம் போய், முக்கால்வாசி நேரம் தானே பேசி, மனச்சோர்வுக்கு வெளிச்ச சிகிச்சை தரும் இந்த விளக்கோடு திரும்பினார்.

"காலையில அரை மணி நேரம், ஒரு கை தூரத்துல" என்றிருந்தார் டாக்டர்.

"அரை மணியாம்! பிச்சை போடறாரா?" மேலாளர் அதை இரண்டு மணி நேரமாக்கினார். தலை வலித்தது. வெளிச்சம் பத்தவில்லை என்று மூக்கு இடிக்க நெருங்கினார். கண் எரிந்தது. கறுப்புக் கண்ணாடி மாட்டினார். கண்ணாடி வெளிச்சத்தைத் தின்னுமே என்று ராத்திரியும் ஒரு வேளை சேர்த்தார். தூக்கம் போயே போச்சு.

"ஏங்க, டாக்டர் என்ன சொன்னாருன்னா..."

"அவர் சொன்னது சாதாரண ஆளுங்களுக்கு. நீ தள்ளி உக்காரு, நிழல் விழுது."

மனைவி எழுந்துபோய்ச் சமையலறை இருட்டில் உட்கார்ந்தாள்.

"உப்பு எங்கடி?" என்று மறுநாள் கத்தினார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். ஒரு பதில் சண்டைகூட இல்லை. இந்த வீட்டில் பேச்சுக்குரல் கேட்டு எவ்வளவு காலமாகிறது? மேலாளர் விளக்கைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு நடந்தார்.

"மட்டமான விளக்கும்மா. குணமே தெரியல."

நர்ஸ் விசாரித்தாள். அவர் பெருமையாகவே கணக்கு ஒப்பித்தார். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இதுவும் மருந்துதான் சார். சீக்கிரம் குணமாகணும்னு மாத்திரையை அள்ளிப் போடுவீங்களா? அளவு மீறினா தலை வலிக்கும், தூக்கம் கெடும், எரிச்சல் வரும்."

மேலாளரின் குரல் இறங்கியது. "தப்புதாம்மா. வீடு பழையபடி கலகலன்னு ஆகணும்னு அவசரப்பட்டுட்டேன். இனிமே அரை மணி நேரந்தான் உக்காருவேன்."

நர்ஸ் விளக்கைத் துடைத்து அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்க எதுக்கு சார் உக்காரணும்? டாக்டர் இதை உங்க வீட்டம்மாவுக்குத்தானே கொடுத்தாரு. அவங்க இப்ப எப்படி இருக்காங்க?"