பல் டாக்டர் வளர்த்த பவளம்

“அது செடியா, பிராணியா? அதையாவது சொல்லுங்க” என்றாள் மனைவி.

பல் டாக்டர், காத்திருப்பு அறையில் பவளம் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். காலையில் பாறையை நகர்த்திச் சுத்தம் செய்தபோது அடியிலிருந்து அது வெளிப்பட்டிருந்தது. அரைவட்ட உடம்பு, மேலெல்லாம் ஊதாப் பாசி, விளிம்பில் வெளிறிய மொட்டுகள்.

“கடற்பஞ்சா இருக்கலாம், மென்பவளமாவும் இருக்கலாம். பாறையோட ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. கடல் தானமாக் குடுத்தது. தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதும்மா.”

“உங்க தொழிலே பல்லைப் பிடிச்சுப் பாக்கறதுதானே!”

வரவேற்பு மேஜையும் வீடும் அவள் ஆட்சி. தீர்ப்பும் உடனே வந்தது. “பேர் தெரியாத ஜந்து பக்கத்துல ஜனங்களை உக்கார வைக்க மாட்டேன். சனிக்கிழமைக்குள்ள அது என்னன்னு சொன்னா தொட்டி இருக்கும். இல்லேன்னா கிளம்பிடும்.”

டாக்டர் தொட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். தொட்டி வருமுன் குழந்தைகளைக் குண்டுக்கட்டாகத் தூக்கிவர வேண்டியிருந்தது. இப்போது கோமாளி மீனைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். அந்த வாய் மூடுவதற்குள் வேலையை முடித்துவிடுவார். தினமும் காலையில் யாரும் பார்க்காதபோது தொட்டிக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் கருவிகளைத் தொடுவார்.

தொட்டிக்கு இன்னொரு ரசிகரும் உண்டு. சில மாதங்களாக ஒரு பெரியவர், வாயில் கைக்குட்டையைப் பொத்தியபடி வந்து அதன் எதிரே உட்காருவார். டோக்கன் வாங்க மாட்டார், பேச மாட்டார்.

“வீட்ல ஃபேன் ஓடலை போல” என்பாள் மனைவி.

“உணர்ச்சிவசப்படறார்மா. ரசனை உள்ள மனுஷன்.” அவர்மேலும் டாக்டருக்கு நன்றி பொங்கியது.

புகைப்படம் எடுத்துப் பவளப் பிரியர்களின் வாட்ஸப் குழுவில் போட்டார். “பஞ்சுதான். தண்ணிக்கு வெளிய எடுத்துடாதீங்க, காத்து பட்டா செத்துடும்” என்றார் ஒருவர். “மென்பவளம். பட்டினி கிடக்குது பாருங்க, முகமே வாடியிருக்கு” என்றார் இன்னொருவர்.

முகம் எது என்று டாக்டருக்குத் தெரியவில்லை. ஆனாலும் மனம் கேட்கவில்லை. ஊசி இல்லாத சிரிஞ்சில் கூழ்போல் கரைத்த இறால் தூளை எடுத்து, ஒவ்வொரு மொட்டுக்கும் மூன்று வேளையும் ஊட்டினார். பெரியவர் எழுந்து நின்று கைகூப்பினார்.

இரண்டே நாளில் தொட்டி, அரிசி கழுவிய தண்ணீர்போல் ஆனது. தண்ணீரைத் தெளியவைக்கப் பெரிய பம்ப் ஒன்றைப் பொருத்தினார். அது தெளிய வைப்பதற்கு முன், வரிசையில் இருந்தவர்களையெல்லாம் குளிப்பாட்டியது. தெறிக்காமல் இருக்கத் தொட்டியின் மேல் துணியைப் போர்த்தினார். இருட்டில் மிரண்ட கோமாளி மீன் பாறைக்குள் ஒளிந்தது. மீனைக் காணாத ஒரு குழந்தை வாயைப் பிளப்பதற்குப் பதில் மூடியது. உள்ளே டாக்டரின் விரல் இருந்தது.

“கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதைதான்” என்றபடி விரலுக்குக் கட்டுப் போட்டாள் மனைவி. கடுகடுவென்றுதான் சொன்னாள். ஆனால் வலிக்காமல் கட்டினாள். அதற்கும் டாக்டர் மனத்துக்குள் ஒரு நன்றி சொன்னார்.

சனிக்கிழமை கடல் உயிரியல் பேராசிரியை ஒருவர் வந்தார். கூப்பிட்டதும் வந்தாரே என்று டாக்டர் நெகிழ்ந்துபோனார். பேராசிரியை உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு வெகுநேரம் குனிந்திருந்தார்.

“மேல படர்ந்திருக்கறது பாசியும் பஞ்சும். அடியில இருக்கறதுதான் புரியலை. மொட்டெல்லாம் ஏன் இவ்வளவு ஒழுங்கா இருக்கு?”

“அதைத்தாங்க நானும் சொல்றேன்!” டாக்டர் மொட்டுகளைக் கண்ணாடிமேல் விரலால் எண்ணிக் காட்டினார். “என்ன வரிசை, என்ன அளவு! இயற்கையைத் தவிர யாரால முடியும்? மனுஷன் கையால இப்படி ஒண்ணு செஞ்சுட முடியுமா?”

“வெளிய எடுத்து வெட்டிப் பாத்தாத்தான் சொல்ல முடியும்.”

“ஐயோ, செத்துடும்!”

“அப்போ பேர் தெரியாது” என்றாள் மனைவி. “சரி, சாயந்தரம் தொட்டியை எடுத்துட்டுப் போக ஆள் வரச் சொல்றேன்.”

டாக்டர் தொட்டியின் கண்ணாடியைத் தடவினார். இத்தனை குழந்தைகளின் பயத்தைப் போக்கியதற்கு ஒரு கடைசி நன்றி சொல்ல வாயெடுத்தார். கண்ணீர்தான் வந்தது. மனைவி போனைக் கையில் எடுத்தவள், அதைப் பார்த்துவிட்டு எண்ணை அழுத்தாமல் நின்றாள்.

அப்போதுதான் பெரியவர் எழுந்தார். டாக்டர் அருகில் வந்து, முதன்முறையாகக் கைக்குட்டையை எடுத்தார். உள்ளே ஒரு பல்கூட இல்லை.

“தொட்டியை எடுக்காதீங்கம்மா, பேரை நான் சொல்றேன். டாக்டர் தன் கையால எனக்குக் கட்டிக்குடுத்த பல்செட் அது. குனிஞ்சு மீன் பாக்கறப்போ தும்மிட்டேன், சொல்ல வெக்கமா இருந்துச்சு. ரொம்ப நன்றி டாக்டர், என் வாயில இருந்தப்போகூட அதுக்கு வேளாவேளைக்கு இப்படிச் சாப்பாடு கிடைச்சதில்லை!”