பாணுக்கும் நோ மாறியது

குருநகரில் அந்த வருடம் அதிசயத்துக்கு மட்டும் தட்டுப்பாடு இல்லை. யுத்தத் தடையில் மருந்து வராமல், ஒரு பனடோல் குளிசையைப் பாதியாக உடைத்து இரண்டு பேர் விழுங்கிய காலம் அது. நீக்கிலாப்பிள்ளை உபதேசியார் வாசலிலோ விடியமுன்னே வரிசை. உபதேசியார் என்பது அவர் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பட்டம்.

அவரிடம் கர்த்தரின் முள்முடியிலிருந்து வந்த முள் ஒன்று இருந்ததாம். எந்தக் கப்பலில் வந்தது என்று கேட்பது பாவம். காயப்பட்ட கையைக் கறுப்புத் துணிக்குள் நீட்டிக் கண்ணை மூட வேண்டும். சுருக்கென்று ஒரு குத்து. கொஞ்ச நேரத்தில் நோ பறந்துவிடும். துணியை விலக்கினால், குத்திய இடம் நற்கருணை அப்பம் மாதிரி வட்டமாய் வெளிறி இருக்கும். "முத்திரை விழுந்திட்டுது!" என்று சனம் முழந்தாளில் விழும். காணிக்கை கிடையாது. பெரிய மீன் மட்டும்.

லியோனின் விரலில் திருக்கை முள் ஏறியது. மூன்று நாள், மூன்று முத்திரை. நோ தெரியாத கையால் வலை இழுத்தான். நாலாம் நாள் விரல்நுனி கறுத்தது.

அவன் மனைவி யசிந்தா டவுனில் பல் வைத்தியரிடம் வேலை செய்பவள். பல் பிடுங்கமுன் விறைப்பூசி போட்டதும் பல்லைச் சுற்றியுள்ள முரசு வெளிறுவதைத் தினமும் பார்க்கிறவள்.

"உது முத்திரையில்லை, விறைப்பூசி. அந்த மருந்து ரத்தக் குழாயைச் சுருக்கிப்போடும். விரல் அழுகப்போகுது, ஆசுப்பத்திரிக்கு வாங்கோ!"

"விசர்க்கதை கதையாதை. நாளைக்கும் முத்திரை போட்டாத்தான் சுகம் வரும்."

மறுநாள் வரிசையில் லியோனுக்கு முன்னால் அவளே நின்றாள், விரலில் பெரிய கட்டோடு.

"மீன் வெட்டேக்கை அறுந்துபோச்சு, உபதேசியார். கட்டவிழ்த்தா ரத்தம் பாயும்."

"முள்ளுக்குத் துணி ஒரு தடையோ, மகள்?"

உபதேசியார் கண்ணை வானத்துக்கு ஏற்றிச் செபித்தபடி துணிக்குள் குத்தினார். சற்றுப் பொறுத்து, "நோ மாறிட்டுதோ?" என்றார்.

"எனக்கெப்பிடித் தெரியும்? பாணைத்தான் கேக்கோணும்."

எல்லார் முன்னாலும் கட்டை அவிழ்த்தாள். விரல் உள்ளங்கைக்குள் மடங்கிச் சுகமாய் இருந்தது. அதன் இடத்தில் பேக்கரியில் வாங்கிய ஒரு காய்ந்த பாண் துண்டு. இப்போது ஊறிப்போயிருந்தது.

"முள்ளுக் குத்தினா ஓட்டை விழும். தண்ணி எங்காலை வந்தது?"

கறுப்புத் துணியை ஒரே இழுவையில் இழுத்தாள். ஊசியும் மருந்துப் போத்தலும் வெளிச்சத்துக்கு வந்தன. லியோன் போத்தலைப் பார்த்தான், தன் விரலைப் பார்த்தான், அழுதுவிட்டான். அன்றைக்கே ஆசுப்பத்திரியில் விரலின் ஒரு கணு போனது. கை தப்பியது.

வரிசையில் அடுத்து நின்ற சின்னத்தங்கம் யசிந்தாவின் கையைப் பிடித்தாள்.

"பிள்ளை, உந்தப் பாணை எறிஞ்சுபோடாதை. முள்ளுப் பட்டதெல்லே, தா, வீட்டை வைச்சுக் கும்பிடுறன்."

விறைத்த விரலுக்கு உணர்வு தானாகத் திரும்பும். விறைத்த தலைக்கு யோசித்தால்தான் திரும்பும். கொஞ்சம் நோகும், அவ்வளவுதான்.