முப்பத்தொன்றாம் தேதியும் என் வலது டான்சிலும்

நைனார்பாளையம்,
27-3-1992

கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் கணக்கு வாத்தியாராக இருக்கும் என் அன்புத் தம்பி மாயவனுக்கு, அண்ணன் கொளஞ்சியப்பன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும், உன் அண்ணி ராஜாம்பாளும், இரண்டு கறவை மாடுகளும், கிணற்று மோட்டாரும் நலம். என் தொண்டையில் வலது பக்க டான்சில் மட்டும் நலமில்லை. அங்கே நீயும் உன் மனைவி மக்களும் எல்லா உறுப்புகளோடும் நலமாக இருக்க வேண்டுமென்று விரும்புகிறேன்.

பொங்கலுக்கு ஒரு கார்டோடு நிறுத்திக்கொள்கிறவன் பக்கம் பக்கமாக எழுதுகிறானே என்று திகைக்காதே. டாக்டர் என்னைக் கத்தக் கூடாது, முடிந்தால் பேசவே கூடாது என்று சொல்லிவிட்டார். ஒரு நாளைக்கு நான் பேசுகிற பேச்சு எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? அதனால் உன் தலையில் இறங்குகிறது.

போன மாதம் ஒரு நாள் அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்தபோது ஒரு துண்டு தொண்டையில் வலது பக்கம் முட்டி நின்றது. தண்ணீர் குடித்தேன், மோர் குடித்தேன், உன் அண்ணி முதுகில் நாலு வைத்தாள். பதினோரு வருஷத்துக் கோபத்தையும் சேர்த்து வைத்தாள் என்று நினைக்கிறேன், கிழங்கு இறங்கிவிட்டது. ஆனால் ஏதோ இன்னும் நிற்கிறாற்போலவே இருந்தது. டார்ச் லைட்டை அடித்து வாய்க்குள் பார்த்தவள், "இன்னாங்க இது, ஒரு பக்கம் நாவப்பழம் கணக்கா தொங்குது! அந்தப் பக்கம் ஒண்ணையும் காணோம்" என்று சத்தம் போட்டாள். பிறகு அவள் வாயைத் திறந்து என்னைப் பார்க்கச் சொன்னாள். அவளுக்கு இரண்டு பக்கமும் அடக்கமாக இருந்தது. அவளிடம் அடக்கமாக இருந்த ஒரே விஷயத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

உப்புத்தண்ணீரைக் கொப்பளித்தேன், மிளகுக் கஷாயம் குடித்தேன், மருந்துக்கடைக்காரர் கொடுத்த மாத்திரையை விழுங்கினேன். மாத்திரையும் அதே இடத்தில்தான் முட்டியது. கடைசியில் கள்ளக்குறிச்சியில் காது மூக்கு தொண்டை பார்க்கும் டாக்டரிடம் போனோம். நெற்றியில் கண்ணாடி கட்டிக்கொண்டு, "ஆ சொல்லுங்க பெரியவரே" என்றார். நான் வாழ்நாள் முழுக்கக் கரும்புக் கொல்லையில் பன்றி விரட்டியவன், எனக்குத் தெரிந்த ஆ அது ஒன்றுதான். சொன்னேன். வெளியே உட்கார்ந்திருந்தவர்களில் மூன்று பேர் சீட்டைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்களாம். அப்போதுதான் கத்தக் கூடாது என்று உத்தரவு போட்டார். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. "ரெண்டு பக்கமும் சம அளவுல இருக்கணும். ஒண்ணு மட்டும் ஜாஸ்தியா இருந்தா ஏன்னு பாத்தே ஆகணும்" என்று வேறு சொன்னார். அந்தப் பேச்சு எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஏன் தைத்தது என்பதைப் பின்னால் எழுதுகிறேன்.

அதற்குப் பெயர் பயாப்ஸியாம். மரத்துப்போக மருந்தடித்து, டான்சிலில் துளி சதையைக் கிள்ளி எடுத்து, மருந்துத் தண்ணீர் ஊற்றிய சின்ன பாட்டிலில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். பாண்டியில் ஒரு லேப்பில் நாங்களே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பாட்டிலை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினோம். உளுந்தூர்பேட்டையில் பஸ் நின்றதும், எதையும் தின்ன முடியாத நான் சும்மா உட்கார்ந்திருக்க, உன் அண்ணி மட்டும் நாலு இட்லி சாப்பிட்டாள். கிளம்பும்போது பை கனத்தது. திறந்து பார்த்தால் எலுமிச்சங்காய் ஊறுகாய்! எதிரே சாப்பிட்ட ஆளும் மஞ்சள் பைதான் வைத்திருந்தார். அவர் திருச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், பஸ்ஸும் நகர்ந்துவிட்டது. டாக்டர் சொன்னது ஞாபகமிருந்தும் நான் கத்தினேன். "யோவ், நிறுத்துய்யா! என் தொண்ட உன் பையில போய்க்கினு இருக்குது!" டிரைவர் பிரேக் போட்டார். பையைத் திறந்து பாட்டிலைப் பார்த்த அந்த ஆள் அதை என்னிடம் கொடுத்தார், ஆனால் ஊறுகாயைத் திரும்ப வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். நல்ல ஊறுகாய். உன் அண்ணி தினமும் தொட்டுக்கொள்கிறாள்.

முடிவு வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். இந்த இரண்டு வாரம் இருக்கிறதே, அதை என்னவென்று சொல்ல! பார்க்கிறவர்கள் எல்லாம் பயப்படாதே என்று சொல்லிச் சொல்லியே பயமுறுத்துகிறார்கள். அந்த வியாதியின் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை, நானும் எழுதப்போவதில்லை.

நம் அய்யனார் கோயிலில் கை வலித்தால் மண்ணில் கை செய்து வைப்போம், கால் வலித்தால் கால் செய்து வைப்போம், உனக்குத் தெரியும். ராஜாம்பாள் சூளை போடும் சுப்புராயனிடம் போய் டான்சில் செய்யச் சொல்லியிருக்கிறாள். அவர், "கை செஞ்சிருக்கறேன், காலு செஞ்சிருக்கறேன், கொழந்தகூட செஞ்சிருக்கறேன். இது இன்னா அளவு, இன்னா உருவுன்னு தெரியாம எப்பிடிங்க பெசையறது?" என்று கேட்டாராம். உடனே என்னை இழுத்துப்போய்ச் சூரியனைப் பார்க்க நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னாள். சுப்புராயன் பார்த்தார். அவர் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த வழியே விறகு கொண்டுபோனவர்களும் இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள். நாலு நாள் கழித்துப் போனால், உரித்த தேங்காய் அளவுக்கு இரண்டு உருண்டைகள் வெந்து ஆறிக்கொண்டிருக்கின்றன. ஏன் இவ்வளவு பெரிது என்று சைகையில் கேட்டேன். "சின்னதா செஞ்சா சாமிக்குத் தெரிய வேணாவா? ஒத்தயா வெச்சா நல்லாருக்காதுன்னு ஜோடியா செஞ்சிட்டேன். ரெண்டும் ஒரே அளவு, தூக்கிப் பாருங்க" என்றார். எனக்கு மறுபடியும் சுருக்கென்றது.

கோயிலில் உருண்டைகளை வைத்துவிட்டு உன் அண்ணி கண்ணை மூடித் தனியாக வேறு ஏதோ வேண்டிக்கொண்டாள். என்னவென்று குசுகுசுத்துக் கேட்டேன். "சொன்னா பலிக்காது, கம்முனு வாங்க" என்றாள். கிடா வெட்டுவதாக இருந்தால் பரவாயில்லை. என் மீசையை எடுப்பதாக வேண்டிவிட்டாளோ என்றுதான் கலக்கமாக இருக்கிறது.

தம்பி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நாம் பாகம் பிரித்தபோது கிணறு மட்டும் பொதுவில் நின்றது. நாள் விட்டு நாள் இறைத்துக்கொள்ளுங்கள் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நான்தான் குறுக்கே விழுந்து, நாள் விட்டு நாள் என்றால் குழப்பம் வரும், ஒற்றைப்படைத் தேதி எனக்கு, இரட்டைப்படைத் தேதி மாயவனுக்கு, காலண்டரைப் பார்த்தால் போதும் என்றேன். நீ சிரித்துக்கொண்டே தலையாட்டினாய். முப்பத்தொன்றும் ஒற்றை, மறுநாள் ஒன்றும் ஒற்றை. வருஷத்தில் ஏழு முறை எனக்கு அடுத்தடுத்து இரண்டு நாள். இந்த வருஷம் பிப்ரவரியில் இருபத்தொன்பது வேறு வந்ததா, அன்றைக்கு நான் பாயசம் வைக்கச் சொல்லிச் சாப்பிட்டேன். இது எனக்கு அன்றைக்கே தெரியும், தம்பி. தெரிந்துதான் சொன்னேன். உன் நிலத்தைக் குத்தகைக்குப் பார்க்கும் சின்னதுரை ஒருமுறை, "மாசக் கடைசியில உங்களுக்கு மட்டும் இன்னாங்க ரெண்டு நாளு ஓடுது?" என்று கேட்டார். காலண்டரை நானா அச்சடித்தேன் என்று கத்தி அனுப்பினேன். உன் கரும்பு முழங்கால் உயரத்தில் வாடி நின்ற கோடைகளிலும் இறைத்தேன். ஒரு பக்கம் மட்டும் பெருத்தால் ஏனென்று பார்த்தே ஆகணும் என்று டாக்டர் சொன்னபோது, அவருக்கு யார் சொன்னார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. இதை வைத்துக்கொண்டு போய்ச்சேர விருப்பமில்லை. பதினோரு வருஷம் நான் இறைத்தேன். இனி முப்பத்தொன்றாம் தேதி உனக்கு, இருபத்தொன்பது வந்தால் அதுவும் உனக்கு. அண்ணனை மன்னித்துவிடு.

முடிவு எப்படி வந்தாலும் ஒரு தடவை கீழே இறங்கி வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ. நீயும் உன் பிள்ளைகளும் அந்த மலைக்காற்றில் தொண்டை திறந்து சிரித்துப் பேசி நூறு வருஷம் வாழ வேண்டும்.

இப்படிக்கு உன் அண்ணன்,
கொளஞ்சியப்பன்

பின்குறிப்பு: 30-3-1992. இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதற்குள் முடிவு வந்துவிட்டது. வெறும் சதை வீக்கமாம். அந்த வியாதி இல்லவே இல்லையாம். நாளாவட்டத்தில் வற்றிவிடும், இன்னும் ஒரு மாதம் கத்தாமல் இருங்கள், போதும் என்றார் டாக்டர். ஆகவே மேலே கிணறு சம்பந்தமாக எழுதியிருப்பது உடம்பு சரியில்லாதவன் உளறியது. முப்பத்தொன்று பழையபடி என்னுடையதே. இத்தனை பக்கத்தையும் கிழிக்க மனம் வராததால் அந்தப் பத்தியின்மேல் மட்டும் கோடு போட்டிருக்கிறேன். கோடு போட்டதைப் படிப்பது வாத்தியாருக்கு அழகில்லை.

மாயவன் தம்பிக்கு அண்ணி ராஜாம்பாள் எழுதிக்கொள்வது. கடிதத்தை ஒட்டித் தபாலில் போடச் சொல்லி உங்கள் அண்ணன் என்னிடம் கொடுத்தார். ஒட்டுவதற்கு முன்னால் படித்தேன். கோடு மெல்லிசாகத்தான் போட்டிருக்கிறார், எழுத்து நன்றாகத் தெரிகிறது, நீங்கள் தாராளமாகப் படிக்கலாம். பதினோரு வருஷமாக இந்த விஷயம் எனக்கும் தெரியும். சொல்லாமல் இருந்தது என் தப்பு. நான் அய்யனாரிடம் வேண்டிக்கொண்டது கிடாவும் இல்லை, மீசையும் இல்லை. உங்கள் அண்ணனுக்கு ஒன்றும் இல்லையென்று வந்தால் முப்பத்தொன்றாம் தேதித் தண்ணீரை உங்கள் நிலத்துக்கு விடுவதாகத்தான் வேண்டிக்கொண்டேன். சாமி தன் பங்கைச் செய்துவிட்டது, இனி நாம் செய்யாமல் இருக்க முடியாது. இன்றைக்குத் தேதி முப்பத்தொன்று. காலையில் கரண்ட் வந்ததும் நானே மோட்டாரைப் போட்டேன், சின்னதுரை உங்கள் கரும்புக்கு மடை திருப்பிக்கொண்டிருக்கிறார். உங்கள் அண்ணன் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். டாக்டர் கத்தக் கூடாது என்று சொல்லியிருப்பதால் ஒன்றும் சொல்லவில்லை.